பாப்பாத்தி அம்மாள் கட்டிய தேவாலயம்

கெடாவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கண்காணி என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஊரில் ஆள் சேர்த்து, கப்பலேற்றி, பால்மரக் காட்டுக்குக் கூட்டிவந்து, விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிறுத்திவைத்தவர் கண்காணி. பாட்டிமார் சொல்லும் கதைகளில் நல்ல கண்காணியும் வருவார், கொடுமைக்காரக் கண்காணியும் வருவார்.

அதே சொல் தமிழ் வேதாகமத்திலும் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் பிஷப் என்றும் நாம் பேராயர், ஆயர் என்றும் சொல்லும் பொறுப்பைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கண்காணி என்றே குறிக்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில், சபையின் கண்காணி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அவர் ஒரே மனைவியை உடையவராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு தகுதி.

அப்படியானால் அந்தப் பொறுப்புக்கு ஆண் மட்டும்தான் வரலாமா? அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் கூடாது என்பது மட்டும்தான் அதன் பொருளா? இந்தக் கேள்வி உலகத் திருச்சபைகளைப் பல ஆண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களும் இதற்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒரு சபையில் பெண் போதகர் பிரசங்க மேடையில் நிற்பார். அடுத்த தெருவில் இருக்கும் சபையில் ஆராதனை வேளையில் பெண்கள் முக்காடிட்டு மௌனமாக அமர்ந்திருப்பார்கள். இரு சபையிலும் கையில் இருப்பது ஒரே வேதாகமம்தான்.

பெண் ஊழியம் என்ற பேச்சு வந்ததும், இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புது வழக்கம் என்று சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. அவர்கள் மறந்துவிட்ட ஒரு தமிழ்நாட்டுப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் கிளாரிந்தா. 240 ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையில் ஒரு திருச்சபை உருவாகக் காரணமாக இருந்தவர் அவர். மறைந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகியும், பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் என்றால் ஊருக்குத் தெரியும்.

தஞ்சையில் ஒரு விதவை

தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஒரு மராட்டிய பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் கிளாரிந்தா. அவருடைய இயற்பெயர் கோகிலா என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரண்மனையோடு தொடர்புடைய குடும்பம் என்பதால் பிற்காலத்தில் அவரை ராயல் கிளாரிந்தா என்றும் அழைத்தார்கள்.

அந்தக் காலத்து வழக்கப்படி சிறு வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் வயதில் மிக மூத்தவர். அவர் இறந்துபோக, இளம் வயதிலேயே கோகிலா விதவையானார். கணவரின் சிதையில் அவரையும் ஏற்ற முயன்றார்கள் என்றும், அப்போது லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்றும் திருநெல்வேலி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

உயிர் பிழைத்த விதவைக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. சிதையிலிருந்து தப்பியவளை ஏற்றுக்கொள்ளச் சாதியும் தயாராக இல்லை, உறவும் தயாராக இல்லை. அந்த அதிகாரியோடுதான் அவர் வாழ்ந்தார். முறைப்படி திருமணம் நடக்கவில்லை. ஆங்கில மொழியையும் கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த அதிகாரியே. படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாறியபோது இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

பாளையங்கோட்டை அப்போது ஒரு கோட்டை ஊர். வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறை வைக்கப்பட்டு, 1801இல் தப்பிச் சென்றாரே, அதே ஊர்தான். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799ஆம் ஆண்டிலும், ஊமைத்துரை தப்பிய 1801ஆம் ஆண்டிலும் கிளாரிந்தா உயிரோடு இருந்தார். நாம் பள்ளியில் படித்த, திரையில் பார்த்த வரலாற்றின் பக்கத்து வீட்டில்தான் இந்தக் கதையும் நடக்கிறது.

மறுக்கப்பட்ட ஞானஸ்நானம்

அந்தக் காலத்தில் தமிழகத்தில் மிகவும் மதிக்கப்பட்ட மிஷனரி, ஜெர்மானியரான சுவார்ட்ஸ் ஐயர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றியவர். பிற்காலத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தால் புகழ்பெற்ற இரண்டாம் சரபோஜி மன்னருக்கு இளமையில் ஆசானாகவும் பாதுகாவலராகவும் இருந்தவர் இவரே.

அவரிடம் கோகிலா ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருமணம் செய்யாமல் ஓர் ஆணோடு வாழ்பவருக்கு ஞானஸ்நானம் தர இயலாது என்பது அவருடைய நிலை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சுவார்ட்ஸ் இரக்கமில்லாதவர் அல்லர். அவர் படித்த வேதமும் அவர் சார்ந்த லுத்தரன் சபையின் ஒழுங்கும் அப்படித்தான் சொல்லின. ஆனால் அதே வீட்டில் வாழ்ந்த அதிகாரி பிறப்பிலேயே கிறிஸ்தவர். இருவரும் ஒரே வாழ்க்கைதான் வாழ்ந்தார்கள். வாசலில் நிற்க வேண்டியிருந்தது அந்தப் பெண்ணுக்கு மட்டும். மனைவியாக ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் அதிகாரியின் கையில் இருந்தது. அவர் அதைச் செய்யாததற்கான விலையை கோகிலா கொடுத்தார்.

லிட்டில்டன் நோயுற்று இறந்தார். மீண்டும் கோகிலா தனித்து நின்றார். அவர் விட்டுச்சென்ற சொத்து கோகிலாவுக்குக் கிடைத்தது என்பார்கள். தஞ்சைக்குத் திரும்பவோ, வேறெங்காவது போய் மறைந்து வாழவோ அந்தப் பணம் போதுமாக இருந்திருக்கும். அவர் பாளையங்கோட்டையிலேயே தங்கினார்.

1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கோகிலா மறுபடியும் அதே விண்ணப்பத்தோடு அவர் முன் நின்றார். இந்த முறை மறுப்பு இல்லை. கிளாரிந்தா என்ற பெயரோடு அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் வளர்த்துவந்த சிறுவனும் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி லிட்டில்டன் என்று பெயரிடப்பட்டான்.

பதிவேட்டில் முதல் பெயர்

இரண்டே ஆண்டுகளில், 1780இல், பாளையங்கோட்டையில் ஒரு சபைப் பதிவேடு தொடங்கியது. அதில் இருந்தவர்கள் 40 பேர். பட்டியலின் தலையில் இருந்த பெயர் கிளாரிந்தா. இன்று பல இலட்சம் உறுப்பினர்களைக் கொண்டு, உலகமெங்கும் பரவியிருக்கும் திருநெல்வேலித் திருச்சபை தன் தொடக்கமாகக் காட்டுவது இந்த 40 பேர் பட்டியலைத்தான்.

அந்த 40 பேரும் ஒரே சாதியைச் சேர்ந்தவர்கள் அல்லர். பிராமணப் பெண்ணின் பெயர் தலையில் இருக்க, அதன் கீழே பல சாதிகளைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் வந்தன. ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்கத் தயங்கிய காலம் அது. சிதையிலிருந்து வந்த பெண்ணுக்குச் சாதி ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. மற்றவர்கள் தயங்கிய இடத்துக்கு அவரால் போக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுவார்ட்ஸ் இருந்தது தஞ்சையில். பாளையங்கோட்டை அங்கிருந்து பல நாள் பயணத் தொலைவு. நடுவில் ஆண்டுக்கணக்கில் மிஷனரி யாரும் வராத காலமும் உண்டு. அந்தக் காலத்தில் மக்களைக் கூட்டி வைத்தது, வேதம் சொல்லிக்கொடுத்தது, ஏழைகளுக்கு உதவியது, பிள்ளைகள் படிக்க வழி செய்தது எல்லாம் கிளாரிந்தாவைச் சுற்றியே நடந்தன. ஊர் மக்களின் தண்ணீர்க் கஷ்டத்துக்காக அவர் வெட்டிய கிணற்றைப் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்று மக்கள் அழைத்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. பாதிரியாரோ போதகரோ மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வருவார். மற்ற நாள்களில் ஜெப வீட்டின் சாவி யாரோ ஓர் அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவரும், சாவு வீட்டுக்கு முதலில் போய் உட்கார்பவரும் அவராகவே இருப்பார்.

கூரை வந்தது

சபை வளர்ந்தது. கூடி வழிபட ஒரு கட்டடம் வேண்டும் என்று கிளாரிந்தா முடிவு செய்தார். சொந்தப் பணத்தைப் போட்டார். அங்கிருந்த ஆங்கிலேயர் சிலரும் உதவினார்கள். 1785இல் பாளையங்கோட்டைக் கோட்டைப் பகுதியில் அந்தச் சிறிய தேவாலயம் எழுந்தது. சுவார்ட்ஸ் தஞ்சையிலிருந்து வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் தமக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரை, அதற்கும் முன்னர் அதைக் கொடுக்க மறுத்தவரை, கிளாரிந்தா தாம் கட்டிய கோயிலுக்கு வரவேற்றார். மக்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தி கோயில். மிஷன் பதிவுகளில் என்ன பெயர் இருந்தாலும், ஊர் வாயில் நிலைத்தது கட்டிய பெண்ணின் அடையாளம்தான்.

கட்டடம் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நிரந்தரமாகத் தங்கி ஊழியம் செய்ய ஒருவர் வேண்டும் என்று தஞ்சை மிஷனை அவர் விடாமல் கேட்டுவந்தார். அந்த விண்ணப்பத்துக்குக் கிடைத்த பதில்தான் சத்தியநாதன். முதலில் உபதேசியாராகப் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1790இல் தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அதன் பிறகு சபையின் குருவாகத் திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பினார். நல்ல போதகர், உண்மையாக உழைத்தவர் என்று அவருக்குப் பெயர் உண்டு.

கிளாரிந்தாவுக்கும் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தமிழருக்குக் குருப்பட்டம் கொடுப்பதே அப்போது அரிய செய்தி. 1733இல் தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர்தான் முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் குருவானார். அவருக்குப் பிறகும் அந்தப் பட்டம் பெற்ற தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு தமிழ் ஆணுக்கே கதவு பாதி திறந்திருந்த காலத்தில், பெண்ணுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதாகக்கூட யாரும் நினைக்கவில்லை.

கிளாரிந்தா 1806ஆம் ஆண்டளவில் பாளையங்கோட்டையில் மறைந்தார். அவர் கைப்பட எழுதியது எதுவும் நம்மிடம் இல்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் மிஷனரிகளின் குறிப்புகளும் ஊர் மக்களின் நினைவும்தான். அதனால், தம் பணியைப் பற்றி அவரே என்ன நினைத்தார் என்ற கேள்விக்கு அவருடைய செயல்களிலிருந்துதான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

ஒரே வேதம், இரண்டு வாசிப்பு

கிளாரிந்தாவின் வாழ்க்கையை இன்று இரு தரப்பினரும் தங்களுக்குச் சான்றாகக் காட்ட முடியும். அதைப் புரிந்துகொள்ள இரு தரப்பும் வேதத்தை எப்படி வாசிக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

குருப்பணி ஆண்களுக்கு மட்டுமே உரியது என்பவர்கள் காட்டும் முதல் இடம், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம். சபையில் பெண் உபதேசம் செய்வதையும் ஆணின் மேல் அதிகாரம் செலுத்துவதையும் பவுல் அங்கே அனுமதிக்கவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம், ஆதாம் முதலில் படைக்கப்பட்டான் என்பது. அது ஓர் ஊரின் பழக்கத்தைப் பற்றிய பேச்சல்ல, படைப்பின் ஒழுங்கு பற்றியது, ஆகவே காலத்துக்கேற்ப மாற்ற முடியாதது என்பது இவர்கள் வாதம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தையும், இயேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சீடர்களும் ஆண்களே என்பதையும் இவர்கள் சேர்த்துக் காட்டுவார்கள். பெண் தாழ்ந்தவள் என்று தாங்கள் சொல்லவில்லை, பொறுப்புதான் வேறு என்பது இவர்களில் பலர் அழுத்திச் சொல்லும் செய்தி.

மறுதரப்பும் அதே பவுலிடமிருந்துதான் தொடங்குகிறது. கொரிந்தியருக்கு எழுதிய அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். சபையில் வாயே திறக்கக் கூடாது என்றால் இந்த அறிவுரைக்கு என்ன தேவை என்று கேட்கிறார்கள் இவர்கள். தீமோத்தேயு இருந்த எபேசு நகரம் அர்த்தெமி தேவியின் பெரிய கோயில் இருந்த ஊர். கள்ளப் போதனைகள் சபைக்குள் புகுந்திருந்த நேரம். அந்தச் சிக்கலுக்குச் சொன்ன மருந்தை எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் கொடுக்கலாமா என்பது இவர்கள் கேள்வி. கிறிஸ்துவுக்குள் ஆண் என்றும் பெண் என்றும் வேறுபாடு இல்லை என்று கலாத்தியருக்கு பவுல் எழுதியதையும், அப்பொல்லோ என்ற போதகருக்கே விளக்கம் சொல்லிக்கொடுத்தவர்களில் பிரிஸ்கில்லாள் என்ற பெண் இருந்ததையும், உயிர்த்த இயேசுவின் செய்தியை முதலில் சுமந்து சென்றவர் மகதலேனா மரியாள் என்பதையும் இவர்கள் நினைவூட்டுகிறார்கள்.

இரு தரப்பிலும் வேதத்தை மதிப்பவர்களே இருக்கிறார்கள். எந்த வசனத்தை விளக்காகப் பிடித்துக்கொண்டு மற்ற வசனங்களைப் பார்ப்பது என்பதில்தான் வேறுபாடு.

ஊழியக்காரியா, உதவிக்காரியா?

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த விவாதத்தில் மிகவும் சுவையாகப் படுவது ஒரு சொல்.

ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்ணை பவுல் அறிமுகப்படுத்துகிறார். கெங்கிரேயா ஊர்ச் சபையைச் சேர்ந்தவர். அவரைக் குறிக்க பவுல் எழுதிய கிரேக்கச் சொல் தியாகோனோஸ். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் அதை ஊழியக்காரி என்று மொழிபெயர்க்கிறது. அதே கிரேக்கச் சொல் தீமோத்தேயு கடிதத்தில் சபைப் பொறுப்பாளர்களைப் பற்றி வரும்போது, தமிழில் உதவிக்காரர் என்று மாறுகிறது. கண்காணிக்கு அடுத்த பதவி அது.

மூலத்தில் ஒரே சொல். தமிழில் ஓரிடத்தில் அது பணி, இன்னோரிடத்தில் அது பதவி.

மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் தம்மையும் அப்பொல்லோவையும் அதே சொல்லால் குறிக்கும்போது தமிழில் ஊழியக்காரர் என்றுதான் வருகிறது. ஆகவே ஒரு தரப்பு சொல்கிறது, பெபேயாள் செய்தது தொண்டு மட்டும், அதைப் பதவியாக்கக் கூடாது என்று. மறுதரப்பு சொல்கிறது, பவுல் தமக்கே வைத்துக்கொண்ட பெயரை ஒரு பெண்ணுக்கும் வைத்தார் என்றால் அது சிறிய பெயராக இருக்க முடியாது என்று.

கிளாரிந்தாவின் நிலையும் பெபேயாளின் நிலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பட்டம் இல்லாமலேயே இத்தனையும் செய்தாரே, பெண்ணுக்குப் பட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். ஒரு குருவின் வேலையில் பாதிக்கு மேல் செய்தவருக்குப் பெயர் மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று இன்னொருவர் கேட்கலாம். அவர் வாழ்க்கை இரண்டு கேள்விக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் பெண்ணால் இந்தப் பணி ஆகாது என்ற வாதத்துக்கு மட்டும் அதில் இடம் இல்லை. வேதம் அனுமதிக்கிறதா என்பது வேறு, பெண்ணால் இயலுமா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு 1785இலேயே பாளையங்கோட்டையில் பதில் கிடைத்துவிட்டது.

இது கிறிஸ்தவர்களின் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. சைவத்தில் காரைக்கால் அம்மையார் 63 நாயன்மார்களில் ஒருவர். வைணவத்தில் ஆண்டாள் ஆழ்வார்களில் ஒருவர். அவர்கள் பாடலைப் பாடாத கோயில் இல்லை. ஆனாலும் கருவறைக்குள் நின்று பூசை செய்யும் உரிமை பெண்ணுக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தால், பெரிய கோயில்களில் இன்னும் மௌனம்தான். நம் நாட்டிலும் வழிபாட்டு மன்றங்களைக் கொண்ட மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடம் பெண்களைக் கருவறைப் பூசைக்கு அனுமதித்தது பெரிய மாற்றமாகப் பேசப்பட்டது. 2023இல் தமிழ்நாட்டில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தது செய்தியானது. வணங்குவதற்குப் பெண் வேண்டும், வழிநடத்துவதற்கு வேண்டாம் என்ற தயக்கம் எந்த ஒரு சமயத்துக்கும் சொந்தமானது அல்ல.

அவருக்குப் பின் நடந்தவை

கிளாரிந்தா மறைந்து நூறாண்டுக்கு மேலான பிறகுதான் பெரிய திருச்சபைகள் பல இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜப்பானியர் பிடியில் இருந்த பகுதிகளிலிருந்து ஆண் குருக்கள் வர முடியாத நிலையில், 1944 ஜனவரியில் ஹாங்காங் பேராயர் ஹால், லி டிம் ஓய் என்ற சீனப் பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். போர் முடிந்ததும் எழுந்த எதிர்ப்பால், குருவாகச் செயல்படும் உரிமத்தை அவர் தாமாகவே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆள் இல்லாதபோது பெண்ணின் பணி தேவைப்பட்டது. ஆள் வந்ததும் அது பிரச்சினையானது.

இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது 1994இல்தான். அதே 1994இல் போப் இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று கத்தோலிக்கர்களுக்கு அறிவித்தார். ஒரே ஆண்டில் இரண்டு பெரிய சபைகள் இரு வேறு திசையில் நடந்தன. ஆனால் 2016இல் போப் பிரான்சிஸ் மகதலேனா மரியாளின் நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான திருவிழாவாக உயர்த்தினார். குருப்பட்டத்தைப் பற்றிய நிலை மாறவில்லை.

கிளாரிந்தாவின் சபை இன்று சேர்ந்திருப்பது 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில். அந்தத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கிறது. 2013இல் புஷ்பலலிதா ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார். அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். பழைய தமிழ் வேதாகமச் சொல்லில் எழுதினால், அவர் ஒரு கண்காணி.

நம் நாட்டிலும் மெதடிஸ்ட் திருச்சபை போன்றவை பெண்களைப் போதகர்களாக ஏற்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் கன்னியாஸ்திரிகளும் மறைக்கல்வி ஆசிரியைகளும் பெரும் பணி செய்கிறார்கள், குருத்துவம் ஆண்களுக்கே. பிரதரன் சபைகளில் பலவும் பெண்கள் பொதுக்கூட்டத்தில் போதிப்பதை ஏற்பதில்லை. ஒரே குடும்பத்தில் அக்காள் ஒரு சபை, தங்கை ஒரு சபை என்று இருக்கும் நம் டவுன்களில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இந்தப் பேச்சு எழுவது இயல்புதான்.

ஒரு நாவலும் ஒரு பெயரும்

கிளாரிந்தாவை மறதியிலிருந்து மீட்டவர்களில் ஒருவர் கிறிஸ்தவர் அல்லர். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையா, திருநெல்வேலி அருகே பெருங்குளத்தில் பிறந்த பிராமணர். விதவைகளின் துயரத்தை முத்துமீனாட்சியில் எழுதியவர். 1915இல் கிளாரிந்தா என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். பின்னர் அது தமிழிலும் வந்தது. தம் சமூகம் நெருப்புக்கு அனுப்ப நினைத்த ஒரு பெண் பிழைத்து வந்து என்ன செய்தார் என்பதைத் தம் சமூகமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, நம் மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்து ஜெப வீடுகள் பல இன்று செம்பனைக்குள் மறைந்துவிட்டன. அவற்றின் வரலாற்றை யாராவது எழுதினால், வந்துபோன போதகர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். சாவியை வைத்திருந்த அம்மாவின் பெயர் கிடைக்குமா என்பது சந்தேகம்.

பாளையங்கோட்டையில் அது நடக்கவில்லை. பிரதிஷ்டை செய்தவர் உலகப் புகழ்பெற்ற சுவார்ட்ஸ். முதல் குரு சத்தியநாதன். இருந்தும் ஊர் அந்தக் கோயிலைப் பாப்பாத்தி கோயில் என்றுதான் சொன்னது. எந்தச் சபைச் சட்டமும் தராத பெயரை மக்கள் கொடுத்தார்கள்.

உங்கள் தோட்டத்து ஜெப வீட்டை, சிறு கோயிலை, அப்படிக் காத்துநின்ற ஓர் அம்மா இருந்திருந்தால், அவருடைய பெயரைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பெண்ணுக்கு மேடை உண்டா இல்லையா என்ற விவாதம் இன்னும் பல ஆண்டுகள் நடக்கட்டும். அதற்குள் அந்தப் பெயர்கள் அழிந்துபோகக் கூடாது.